நூலுக்கு ஏற்ற காற்று

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டையில் வெளியே 40 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் நிற்கும் கூடத்துக்குள் காற்றுச் சாதனம் ஒழுங்காக ஓடினால் 32, 33 டிகிரிதான் இருக்கும். அதே ஊரில் ஐப்பசி அடைமழை நாளில் வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அன்று கூடத்துக்குள் எவ்வளவு இருக்கும்? 34 டிகிரி. வெயில் நாளைவிட வெளியே 13 டிகிரி குளிர்ந்த நாளில் உள்ளே ஒன்றரை டிகிரி கூடுதலாகப் புழுங்குகிறது. சாதனம் பழுதாகவில்லை, யாரும் கவனக்குறைவாகவும் இல்லை. காற்றும் நீரும் பஞ்சும் சேர்ந்து போடும் கணக்கு அது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பழைய ஆலைகளில் காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை மாற்றப் போகிறவர்கள் பெரும்பணத்தைத் தவறான இடத்தில் போட நேரும்.

அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, பந்தல்குடி, திருச்சுழி வட்டாரம் கரிசலும் கண்மாயும் கொண்ட மானாவாரிச் சீமை. குண்டாற்றில் மணல் தெரியும் நாட்களே அதிகம். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண், கைத்தறி நெய்த தெருக்கள், அவற்றின் பின்னால் வந்த பஞ்சாலைகள் என்று இந்த ஊரின் பிழைப்பு முழுவதும் நூலைப் பற்றியே வளர்ந்தது. ஆனால் நூல் நூற்பதற்கு இயற்கையாக ஏற்ற காற்று இங்கே கிடையாது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஆலைகள் பெருகியதற்கு அங்கே எப்போதும் இருந்த ஈரக்காற்றும் ஒரு காரணம். பம்பாய்க்குக் கடற்காற்று உதவியது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் ஆலை வைத்தபோது தாமிரபரணி அருவியின் விசை கிடைத்தது, மலையடிவாரத்துக் குளிர்ச்சியும் கூடவே வந்தது. அருப்புக்கோட்டைக்கு வாய்த்தது பருத்தியும் உழைப்பாளிகளும். காற்றை மட்டும் செய்தாக வேண்டியிருந்தது.

பருத்தி இழைக்குக் காற்றின் ஈரம் ஏன் வேண்டும்? பருத்தி செல்லுலோஸால் ஆனது. அது காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். வணிகத்தில் பஞ்சின் எடையைக் கணக்கிடும்போது உலர்ந்த எடைக்கு மேல் 8.5 சதவீதம் ஈரம் சேர்த்துக்கொள்வது வழக்கம். ஈரம் ஏறிய பருத்தி இழை வலுவாகும், வளைந்து கொடுக்கும். ஈரம் குறைந்தால் இழை முறுகி ஒடியும், உராய்வில் மின்னேற்றம் உண்டாகி ஒன்றையொன்று தள்ளிப் பறக்கும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் கூடிவிட்டாலும் ஆபத்து. இழையின் மேலுள்ள மெழுகும் சர்க்கரைப் பிசுக்கும் இளகி உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். ஆலையில் இதை லாப்பிங் என்பார்கள். ஒரு லாப்பிங்கை அறுத்து எடுக்க, ரிங் ஃபிரேமைக் கவனிக்கும் தொழிலாளியான சைடர் படும் பாடு சொல்லி மாளாது.

அதனால் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அளவு. குப்பை எளிதில் பிரிய வேண்டிய ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் ஐம்பதை ஒட்டிய சதவீதம், ரிங் ஃபிரேமில் 55 முதல் 60, கோனில் நூலைச் சுற்றும் வைண்டிங்கில் 60க்கு மேல். இந்த எண்கள் நூலுக்காக வகுக்கப்பட்டவை. அங்கே நிற்கிற ஆளுக்காக வகுத்தவை அல்ல. இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப வருவது இந்த இடத்துக்குத்தான்.

ஏர் கண்டிஷனிங் என்ற சொல்லே பஞ்சாலையில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் சாதனத்தை வடிவமைத்தார். காகிதம் ஈரத்தில் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாததுதான் அங்கே பிரச்சினை. காற்றைத் தண்ணீர்த் தூவலுக்குள் செலுத்திக் கழுவி ஈரமாக்கும் சாதனத்துக்கு 1906இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு வட கரோலினாவின் பெல்மான்ட்டில் ஒரு பஞ்சாலையில் அவருடைய சாதனம் பொருத்தப்பட்டது. அப்பக்கத்து ஆலைப் பொறியாளரான ஸ்டூவர்ட் கிரேமர், நூலை ஈரப்படுத்துவதற்கு ஏற்கெனவே வழங்கிய சொல்லிலிருந்து ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை உருவாக்கியதும் 1906இல்தான். இன்றைக்கு அருப்புக்கோட்டை ஆலைகளின் பக்கவாட்டில், இருட்டான நீண்ட அறையில் தண்ணீர் சீறிக்கொண்டிருக்கிறதே, அந்த ஏர் வாஷர் கேரியரின் அந்தக் கருவியின் நேரடி வாரிசு.

அது செய்கிற வேலையைப் பார்ப்போம். வெளிக்காற்றை ஒரு பெரிய விசிறி உள்ளே இழுக்கிறது. நூற்றுக்கணக்கான முனைகளிலிருந்து தண்ணீர் பொடித்துளியாகத் தூவுகிறது. துளியின் ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பிறகு வளைந்த தகடுகளான எலிமினேட்டர்கள் காற்றோடு வரும் துளிகளைத் தடுத்து, ஈரக்காற்றை மட்டும் குழாய் வழியே கூடத்தின் மேற்புறத்துக்கு அனுப்புகின்றன. கூடத்தில் இயந்திரங்களின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, பறக்கும் பஞ்சுத் தும்பையும் இழுத்துக்கொண்டு, தரையிலுள்ள துவாரங்கள் வழியே அந்தக் காற்று அடியிலுள்ள கால்வாயில் இறங்குகிறது. அங்கிருந்து வடிகட்டிக்கு. பிறகு வேண்டியதைத் திரும்பப் பயன்படுத்தி, மிச்சத்தை வெளியே தள்ளுகிறார்கள்.

இப்படித் தண்ணீரால் காற்றைக் குளிர்விப்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். எவ்வளவு தூவினாலும் காற்று அதற்குக் கீழே போகாது. 40 டிகிரியும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 23.5 டிகிரி. 27 டிகிரியும் 85 சதவீதமும் உள்ள மழைநாள் காற்றுக்கு ஏறத்தாழ 25. உடம்புக்கு அவ்வளவு வித்தியாசமாகத் தெரியும் இரண்டு நாட்கள் ஏர் வாஷருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்னும் சொன்னால், மழைநாளே கொஞ்சம் மோசம்.

முதலில் வெயில் நாளை எடுத்துக்கொள்வோம். நல்ல வாஷர் ஒன்று அந்த 40 டிகிரிக் காற்றை 25 டிகிரிக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு கிலோ காற்றிலும் 6 கிராம் நீர் ஏறி, மொத்தம் 17.6 கிராம் இருக்கும். இந்தக் காற்று கூடத்துக்குள் வந்து சூடேற ஏற, அதன் ஈரப்பதம் சதவீதக் கணக்கில் இறங்கும். எந்த வெப்பநிலையில் 57 சதவீதத்தைத் தொடும்? 32.5 டிகிரியில். அதற்கு முன்பே நின்றால் ஈரம் அதிகம், லாப்பிங். அதைத் தாண்டினால் ஈரம் குறைவு, நூல் அறும். மழைநாளில் வெளிக்காற்றிலேயே கிலோவுக்கு 19 கிராம் நீர் இருக்கிறது. தூவலை முற்றிலும் நிறுத்தி வெறும் காற்றை விட்டாலும் 57 சதவீதத்துக்கு இறங்க அது 34 டிகிரி வரை சூடேறியாக வேண்டும். கூடத்தின் வெப்பநிலையை மேலாளரோ இயந்திரமோ முடிவு செய்வதில்லை. வெளிக்காற்றின் நீரும் நூல் கேட்கும் ஈரப்பதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

அப்படியானால் இயந்திரங்களின் வெப்பம் எதை முடிவு செய்கிறது? காற்றின் அளவை. ஒவ்வொன்றும் 45 கிலோவாட் இழுக்கும் 10 ரிங் ஃபிரேம்கள் ஒரு கூடத்தில் இருக்கின்றன என்று வைப்போம். நூலில் தேங்கும் ஆற்றல் மிகச் சொற்பம். உள்ளே போன மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அந்தக் கூடத்தில் சேர்கிறது. விளக்கு, கூரை வழி வெயில் சேர்த்து 500 கிலோவாட். 25 டிகிரியில் வந்து 32.5இல் வெளியேறும் காற்று இதைச் சுமந்து செல்ல மணிக்கு 2 லட்சம் கன மீட்டருக்கு மேல் வேண்டும். ஆலை நாற்பது, ஐம்பது ஆண்டு பழையது என்றால் அதன் பிளான்ட் இவ்வளவு காற்றுக்காகக் கட்டப்பட்டிருக்காது. நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில்கள் அன்று நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் சுற்று சுழன்றன. இன்றையவை 18,000, 20,000 சுழல்கின்றன. வேகம் கூடும்போது மின்சாரம் அதைவிட வேகமாகக் கூடும். இயந்திரத்தை மாற்றியவர்கள் காற்றறையை அப்படியே விட்டுவைத்த இடங்களில் நூல் அறுவதற்குப் பஞ்சின் தரத்தைக் குறை சொல்வது சுலபமாகிவிடுகிறது.

இனி, மாற்றுவது என்றால் எங்கே தொடங்குவது? கூரையில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய ஆலைகளின் அடையாளமே ரம்பப் பல் போன்ற கூரை. ஒரு பக்கம் சரிந்த ஓடு அல்லது கல்நார்த் தகடு, மறுபக்கம் வடக்கு நோக்கிய கண்ணாடி. லங்காஷயர் ஏறத்தாழ 53 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே உச்சி வேளைச் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான். வடக்குக் கண்ணாடி வழியே வெளிச்சம் வரும், வெயில் வராது. அருமையான ஏற்பாடு. அதை அப்படியே கொண்டுவந்து ஒன்பதரைப் பாகையில் உள்ள அருப்புக்கோட்டையில் கட்டினால் என்ன ஆகும்? இங்கே ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து வடக்கே 14 பாகை சாய்ந்து நிற்கும். காலையிலும் மாலையிலும் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து அடிக்கும். ஆண்டின் கொடுமையான மாதங்களில்தான் அந்தக் கண்ணாடி நேர்வெயிலை உள்ளே விடுகிறது. வேறொரு வானத்துக்காக வரைந்த கூரையை இந்த வானத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம்.

கண்ணாடிக்கு வெளியே மறைப்பு, தகட்டின் மேல் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப்பூச்சு, அடியில் வெப்பம் கடத்தாத பலகைக் கூரை ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை. பந்தல்குடி பக்கம் பூமியைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடி சூடேறாது என்பது இந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆலைக் கூரைக்கு மட்டும் அது ஏன் எட்டாமல் போக வேண்டும்? கூரை வெப்பம் குறைந்தால் அதற்கேற்ற அளவு காற்று மிச்சம், அதைத் தள்ளும் மின்சாரம் மிச்சம், அதில் தூவும் தண்ணீரும் மிச்சம். சூடான கூரையிலிருந்து தலையிலும் தோளிலும் கதிராக இறங்கும் வெப்பத்தைத் தெர்மாமீட்டர் முழுதாகக் காட்டாது. கீழே நிற்பவரின் உடம்பு காட்டும்.

இரண்டாவது, இயந்திர வெப்பத்தைக் கூடத்தில் கலக்க விடாமல் நேராகத் தரைக்கடியில் அனுப்புவது. ரிங் ஃபிரேமின் பிரதான மோட்டாரும், அறுந்த நூலை உறிஞ்சும் விசிறியும் சூடான காற்றைக் கக்குகின்றன. அவற்றின் வாயைச் சிறு குழாயால் கால்வாயோடு இணைத்துவிட்டால் அந்த வெப்பம் அறைக்காற்றைத் தொடாமலே வெளியேறும்.

மூன்றாவதுதான் பிளான்ட். பழைய கனமான அலுமினிய இறக்கைகளுக்குப் பதில் காற்றைத் திறம்பட வெட்டும் இழைக்கண்ணாடி இறக்கைகள், துருப்பிடித்த தகர எலிமினேட்டருக்குப் பதில் பிவிசி, கையால் தட்டிச் சுத்தம் செய்த வலைகளுக்குப் பதில் தானே சுழன்று தும்பை உறிஞ்சிக்கொள்ளும் உருளை வடிகட்டி. கடைசியாகச் சொன்னது நுரையீரல் விஷயம். பருத்தித் தூசியால் வரும் பைசினோசிஸ் என்ற நோய் மூச்சைச் சுருக்கும். 1978இல் அமெரிக்கா நூல் தயாரிக்கும் பிரிவுகளில் பருத்தித் தூசிக்குக் கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்ததே இதனால்தான். காற்றறையை மாற்றும் ஆலை வடிகட்டியில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

அதன்பின் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணு டிரைவ். விசிறி இயற்பியலில் ஓர் இனிப்பான விதி உண்டு. காற்றின் அளவு வேகத்தைப் பொறுத்தது, மின்சாரமோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதமாகிவிடும். 50 கிலோவாட் விசிறிகள் 26இல் ஓடும். மூன்று ஷிப்டும் ஓடும் ஆலைக்கு ஆண்டுக் கணக்கில் இது பெரிய தொகை. விற்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் காட்டும் கணக்கும் இதுதான். கணக்கு உண்மையே.

ஆனால் இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். அந்த டிரைவுக்கு உத்தரவு கொடுப்பது ஈரப்பதம் அளக்கும் கருவி. நூலுக்கு வேண்டிய 57 சதவீதம் கிடைத்துவிட்டால் அது விசிறியை மெதுவாக்கும். கூடத்தின் வெப்பநிலை அதே 33, 34. காற்றோட்டம் மட்டும் குறைந்துவிடும். வியர்வை உலர்வது காற்றோட்டத்தால். நரிக்குடி, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆலை வண்டியில் வந்து, இரண்டு வரிசை இயந்திரங்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருக்கும் பெண்ணுக்கு, மிச்சமான ஒவ்வொரு யூனிட்டும் முகத்தில் படாமல் போன காற்று. சேமிப்புக் கணக்கின் தாளில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டும்.

சட்டம் ஓரளவு பேசுகிறது. லங்காஷயரில் நெசவுக் கூடங்களுக்குள் நீராவியை விட்டுத் தொழிலாளர்களை வேகவைத்த வழக்கத்துக்கு எதிராக 1889இலேயே பிரிட்டனில் தனிச்சட்டம் வந்தது. இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு காற்றோட்டத்தையும் வெப்பத்தையும், 15ஆம் பிரிவு செயற்கையாக ஈரமூட்டுவதையும் பற்றியவை. பணியிடத்தில் ஈரக்குமிழ் அளவு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, நிமிடத்துக்குக் குறைந்தது 30 மீட்டர் காற்றோட்டம் வேண்டும் என்று அதன்கீழ் பல மாநில விதிகளில் எழுதப்பட்டது. நாம் பார்த்த கூடத்தில் ஈரக்குமிழ் 25, 26தான். ஆகவே வெப்பத்தில் அந்த வரம்பு மீறப்படவில்லை. காற்றோட்டம்தான் அளந்து பார்க்கப்பட வேண்டியது. அதை ஆள் நிற்கும் இடத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். குழாய் வாயில் அளந்து எழுதிக்கொண்டு போவதில் பயனில்லை.

பழைய விமானக் கொட்டகைகளைப் புதுப்பிக்கிறவர்கள் கற்றுக்கொண்ட ஒன்று இங்கே உதவும். குளிர்நாடுகளில் அந்தப் பெரிய கூடங்களில் சூடான காற்றை ஊதினால் அது கூரைக்கு ஏறிவிடும், கதவைத் திறந்த கணத்தில் வெளியே போய்விடும். இயந்திரத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை என்று கண்டு தரைக்குள் வெந்நீர்க் குழாய்களைப் பதித்தார்கள். கதவு மூடியதும் சூடான தரை அறையைச் சீக்கிரம் மீட்டுவிடுகிறது. கூடம் முழுவதையும் மாற்ற முயலாமல் ஆள் இருக்கும் இடத்தைக் கவனித்தார்கள். பஞ்சாலையிலும் காற்றுக்குழாயின் வாய்களை நடைபாதைக்கு நேர் மேலே அமைத்து, அதே அளவு காற்றை நடப்பவர்மேல் இறக்கலாம். நூல் ஓடும் இடத்தில் வேகக்காற்று அடித்தால் இழை கலையும். அதனால் அந்தத் திசைதிருப்பலை ஒவ்வொரு வரிசையிலும் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டும். மின்விசிறி மாட்டித் தப்பிக்க முடியாது, தும்பு பறந்து நூலில் ஒட்டிக்கொள்ளும். டிரைவின் வேகத்துக்கும் ஒரு கீழ்வரம்பு வைத்து, அதற்குக் கீழே இறங்காமல் பூட்டிவிட வேண்டும். மின்சாரம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

குளிரூட்டும் சில்லர் வைத்தால் எல்லாம் தீருமே என்று கேட்பார்கள். கூடத்தை 28 டிகிரிக்குக் கொண்டுவர வேறு வழி கிடையாது என்பது உண்மை. 57 சதவீத ஈரத்தோடு 28 டிகிரி வேண்டுமானால் காற்றிலுள்ள நீரைக் குறைத்தாக வேண்டும். அதற்குத் தூவும் தண்ணீரே குளிர்ந்ததாக இருக்க வேண்டும். 500 கிலோவாட் வெப்பத்தை எடுக்க நல்ல சில்லருக்கு 100 கிலோவாட் மின்சாரம். இதில் தண்ணீர் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் மேலே இருக்கும் கூலிங் டவரை மறந்துவிடுகிறார்கள். அந்த 600 கிலோவாட்டையும் வெளியேற்ற அது மணிக்கு ஏறத்தாழ 900 லிட்டர் நீரை ஆவியாக்கும். காற்றாலேயே குளிரும் சில்லர் வைத்தால் தண்ணீர் வேண்டாம், மின்சாரம் இன்னும் பாதிக்கு மேல் கூடும். மிக நுண்ணிய நூல் நூற்கும் ஆலைக்கு இது கட்டுப்படியாகலாம். சாதாரண நூல் ஆலைக்குக் கடினம்.

சாதாரண ஏர் வாஷரும் தண்ணீர் குடிக்கும். வெயில் உச்சத்தில் நம் கணக்குக் கூடம் மணிக்கு 1,400 லிட்டருக்கு மேல் ஆவியாக்கும். வறண்ட சீமையில் இந்தக் கேள்வியை லேசாகக் கடந்துபோக முடியாது. அருப்புக்கோட்டைக்குக் குடிநீரே வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் வருகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஈரமூட்டப் பயன்படும் நீர் குடிநீர் ஆதாரத்திலிருந்து எடுத்ததாகவோ முறையாகச் சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றது. காரணம் தெளிவு. தூவுகிற நீரில் உள்ளதை அங்கே வேலை செய்பவர் மூச்சோடு இழுக்கிறார். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் பரவிய நோயில் அதன் தீவிரத்தை உலகம் கண்டது. தொட்டியைக் கழுவாத ஏர் வாஷர் அழுக்கு மட்டுமல்ல, ஆபத்து.

இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் உப்புநீர். ஒரு லிட்டரில் 1 கிராம் உப்பு என்று வைத்தால், மணிக்கு 1,400 லிட்டர் ஆவியாகும் தொட்டியில் மணிக்கு 1.4 கிலோ உப்பு தங்கும். ஒரு நாளில் 30 கிலோவுக்கு மேல். முனைகள் அடைபடும், எலிமினேட்டரில் ஓடு படியும், இறக்கையில் படிந்து விசிறி ஆடும். புது சாதனம் மூன்றே கோடையில் பழையதாகிவிடும். தொட்டி நீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும், அதாவது இன்னும் தண்ணீர். ஆர்.ஓ. வைத்தால் உப்பு முழுவதும் கழிவுநீரில் சேரும். அதைக் கரிசலில் விட்டால் சோடியம் ஏறிய களிமண் இறுகி, மழை நீரை உள்ளே விடாது. பக்கத்துப் புஞ்சைக்காரருக்கு நாம் செய்யும் துரோகம் அது.

நல்ல தீர்வு கூரையிலேயே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். பஞ்சுக் கிடங்கு, ப்ளோ ரூம், ரிங் ஃபிரேம், வைண்டிங் எல்லாம் சேர்த்து ஓர் ஆலைக்கு ஒரு ஹெக்டேர் கூரை இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 64 லட்சம் லிட்டர் சேரும். நம் கூடத்தின் உச்சத் தேவைக்கு 4,500 மணி நேரம் தாங்கும். உச்சத் தேவையோ கோடைப் பகலில் மட்டும்தான். மற்றப் பிரிவுகளுக்குப் பங்கு போனாலும் பெரும்பகுதியை இதுவே சுமக்கும். மழைநீரில் உப்பு இல்லை என்பதால் முனை அடைப்பும் இல்லை, திறந்துவிடும் நீரும் மிகக் குறைவு. ஊருணி வெட்டிக் கோடையைக் கடந்த ஊர்களுக்கு இந்த யோசனையை யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. 40 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 4 மீட்டர் ஆழத்தில் குளம் வெட்டி இந்த நீரை வைத்தால், இந்த வெயில் ஆண்டுக்கு 2 மீட்டர் அளவுக்குக் குடித்துவிடும். பாதி போய்விடும். மூட வேண்டும். மூடுவதற்குச் சூரியத் தகடுகளையே பரப்பலாம். 2016இல் 648 மெகாவாட் நிலையம் எழுந்த கமுதி இங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். தகடு அமைக்கத் தெரிந்த கைகள் இந்தச் சீமையில் இருக்கின்றன. விசிறிக்கு மின்சாரம் மேலே, தூவலுக்குத் தண்ணீர் கீழே.

வேலையை எப்போது செய்வது என்பதற்கும் இந்தக் காற்றே பதில் சொல்கிறது. ஆலையை நிறுத்தாமல் பிளான்ட்டை மாற்ற வேண்டும் என்றால், ஏர் வாஷர் தேவைப்படாத காலம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தூவல் எப்படியும் நின்றிருக்கும். அப்போது முனைகளையும் எலிமினேட்டரையும் கழற்றி, தொட்டியைச் செதுக்கிப் பூசி, விசிறிகளை ஒவ்வொன்றாக மாற்றலாம். கூரைப் பூச்சுக்குக் காய்ந்த வானம் வேண்டும், அதைப் பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். குளம் வெட்டுவது அதற்கும் முந்தைய கோடையில், கண்மாய்கள் காய்ந்து கிடக்கும்போது. ஒப்பந்தத்தில் இரண்டு அளவுகளை எழுதி வாங்க வேண்டும். ஒன்று, வெளியே 40 டிகிரி இருக்கும் நாளில் ரிங் ஃபிரேமின் இரு முனைகளிலும் நடுவிலும் ஈரப்பதம் 55க்கும் 60க்கும் இடையே நிற்பது. இன்னொன்று, அதே நேரத்தில் ஒவ்வொரு நடைபாதையிலும் சைடரின் தோள் உயரத்தில் நிமிடத்துக்கு 30 மீட்டர் காற்றோட்டம். முதலாவதைக் கேட்காத ஆலை கிடையாது. இரண்டாவதை அளக்க ஓர் எளிய கைக்கருவி போதும். அளந்து காட்டிய பிறகுதான் கடைசித் தவணைப் பணம் என்று எழுதிவிட வேண்டும்.